கடலுக்கு அஞ்சாதவரையும் நடுங்க வைக்கும் கையளவு தண்ணீர்!

முக்குளிக்கக் கற்பவர்கள் முதல் பயத்தை வெல்வது எப்படி?

பண்ருட்டியை அடுத்து, கெடில நதிக்கரையில் இருக்கிறது திருவதிகை. திலகவதியார் தம் தம்பிக்குத் திருநீறு கொடுக்க, அவருடைய சூலை நோய் தீர்ந்தது என்று பெரிய புராணம் கூறும் தலம் இது. அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர். அப்பர் பெருமான் என்று நாம் போற்றுகிறவர்.

அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்பதும், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரை சேர்த்தது என்பதும் எல்லோரும் அறிந்த கதை.

கனமான பொருளைக் கட்டிக் கடலில் இறக்குவது அன்று தண்டனை. இன்றோ மனிதர்கள் தாங்களாகவே இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறார்கள். அதுவும் காசு கொடுத்து! திருவதிகையிலிருந்து கிழக்கே போனால் கடலூர்க் கடற்கரை. அங்கிருந்து வடக்கே சென்றால் புதுச்சேரி. அங்கே இப்பொழுது முக்குளிப்புப் பயிற்சி நிலையங்கள் நடைபெறுகின்றன. மாணவர்கள், இளைஞர்கள், குடும்பப் பெண்கள் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள்.

இவர்களைப் பயமுறுத்துவது எது? சுறாவா? ஆழமா? இருட்டா? இவை எதுவுமே இல்லை. முகமூடிக்குள் புகுந்துவிடும் ஒரு கையளவு தண்ணீர்தான்!

முகமூடி எதற்கு?

முக்குளிப்பவர் முதுகில் ஒரு சிலிண்டர் இருக்கும். பலர் நினைப்பது போல அதில் இருப்பது வெறும் பிராண வாயு அல்ல. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு குழாய் வாய்க்கு வரும். மூச்சை இழுத்தால், வேண்டிய காற்றை அது தானாகவே கொடுக்கும். 1943-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கடற்படை அதிகாரி கூஸ்தோவும், என்ஜினீயர் கக்னானும் சேர்ந்து உருவாக்கிய முறை இது.

கண்ணுக்கும் மூக்குக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி முகமூடி உண்டு. தண்ணீருக்குள் வெறும் கண்ணால் பார்த்தால் எல்லாம் கலங்கலாகத் தெரியும். நம் கண், காற்றின் வழியே வரும் ஒளியைக் குவிப்பதற்கென்றே அமைந்தது. கண்ணைத் தண்ணீர் நேராகத் தொட்டால் ஒளி சரியாகக் குவியாது. கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை நிறுத்திவிட்டால் பார்வை தெளிந்துவிடும். அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் பெட்டிதான் முகமூடி.

மூக்கை ஏன் மூட வேண்டும்? ஆழத்துக்குப் போகப் போக நீரின் அழுத்தம் கூடும். முகமூடிக்குள் இருக்கும் காற்று சுருங்கும். முகமூடி முகத்தை உறிஞ்சிப் பிடிக்கும். அப்போது மூக்கால் கொஞ்சம் காற்றை உள்ளே ஊதினால் சரியாகிவிடும். நீச்சல் குளத்தில் அணியும் கண்ணாடியில் மூக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் அதை அணிந்து ஆழத்துக்குப் போகக் கூடாது என்கிறார்கள்.

தண்ணீர் புகுவது எப்படி?

முகமூடியின் ஓரத்தில் மெத்தென்ற சிலிக்கோன் விளிம்பு உண்டு. அது முகத்தில் சரியாகப் படிந்தால் தண்ணீர் வராது. ஒரே ஒரு முடிக் கற்றை அதன் அடியில் சிக்கினாலும் போதும்; தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். வாரை அளவுக்கு மீறி இறுக்கினாலும் விளிம்பு கோணிக்கொண்டு கசியும்.

நம் ஊர் மீசைக்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல்! மீசை முடியின் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். சிலர் மூக்குக்குக் கீழே ஒரு கோடு போல மீசையைச் சிரைத்துக்கொள்வார்கள். வண்ண மீனைக் கண்டு சிரித்தாலும் கன்னம் மடிந்து தண்ணீர் புகுந்துவிடும். எனவே எவ்வளவு நல்ல முகமூடியானாலும் என்றாவது ஒரு நாள் தண்ணீர் வரத்தான் செய்யும்.

பயம் ஏன்?

வாயில் காற்றுக் குழாய் இருக்கிறது. தாராளமாக மூச்சு வருகிறது. மூக்கைத் தண்ணீர் தொட்டால் என்ன கெட்டுப் போயிற்று? கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தண்ணீருக்குள் இருப்பவருடைய உடம்பு இந்த நியாயத்தைக் கேட்பதில்லை!

குழந்தைப் பருவத்திலிருந்தே மூக்கில் தண்ணீர் ஏறினால் புரையேறும், கண் கலங்கும், மூச்சுத் திணறும் என்பது உடம்பில் பதிந்துவிட்டது. மூக்கு நனைந்ததும் மூச்சு தானாகவே நின்றுவிடுகிறது. அல்லது பழக்க தோஷத்தால் மூக்கு வழியே இழுத்துவிடுகிறார்கள். உடனே இருமல், உடனே கலவரம். கைகால்களை உதறிக்கொண்டு மேலே பாய்கிறார்கள்.

உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம், நீர்மட்டத்தில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். முகமூடிக்குள் புகுந்த தண்ணீர் யாரையும் கொல்வதில்லை. அதைக் கண்டு பயந்து ஓடுவதுதான் கொல்லும்! ஆகவேதான், இந்தப் பாடத்தில் தேறாதவரை ஆசிரியர்கள் கடலுக்கு அழைத்துப் போவதில்லை.

சமையலறையில் ஒரு சோதனை

தண்ணீரை வெளியேற்றும் முறையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரை அதில் முழுக்க அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்துப் பிடியுங்கள். தம்ளர் நிறையத் தண்ணீர் இருக்கும். இப்போது பப்பாளி இலைக் காம்பை வெட்டி எடுத்து, ஒரு முனையைத் தம்ளரின் வாய்க்குக் கீழே வைத்து, மறு முனையில் மெதுவாக ஊதுங்கள்.

என்ன நடக்கிறது? காற்றுக் குமிழிகள் மேலே ஏறித் தம்ளரின் அடிப்பாகத்தில் தங்குகின்றன. அந்த அளவுக்குத் தண்ணீர் கீழே இறங்கி வெளியேறுகிறது. தம்ளரைச் சாய்த்துவிட்டால் காற்று தப்பிவிடும். தண்ணீர் மறுபடி நிறைந்துவிடும்.

முகமூடியே அந்தத் தம்ளர். மூக்கே அந்தப் பப்பாளிக் குழல்! முகமூடியின் மேல் விளிம்பை விரல்களால் நெற்றியோடு அழுத்திக்கொள்ள வேண்டும். வாயால் ஆழ மூச்சு இழுக்க வேண்டும். பிறகு மூக்கின் வழியே, நிதானமாக, நீளமாக மூச்சை விட வேண்டும். விடத் தொடங்கியதும் முகத்தை மெல்ல நிமிர்த்த வேண்டும். காற்று மேலே நின்றுகொள்ளும். தண்ணீர் கீழ் விளிம்பின் வழியாக ஓடிவிடும். ஒரு மூச்சில் முடியாவிட்டால் இன்னொரு மூச்சு. அவசரமே இல்லை. முதுகில் காற்று இருக்கிறது.

தவறுவது எங்கே?

பலர் மூக்கால் விடுவதாக எண்ணிக்கொண்டு வாயால் விடுகிறார்கள். குமிழிகள் வாய்க் குழாயின் வழியே போய்விடும். முகமூடித் தண்ணீர் அப்படியே நிற்கும். சிலர் மூக்கைச் சிந்துவது போல 'புஸ்' என்று ஒரே வேகத்தில் ஊதித் தீர்த்துவிடுகிறார்கள். மூச்சை விடத் தொடங்கும் முன்பே தலையை நிமிர்த்துகிறவர்களும் உண்டு. தண்ணீர் நேரே மூக்குக்குள் இறங்கிவிடும். இதற்கு ஒரு சுலபமான யோசனை, வாய்க்குள்ளேயே 'ம்ம்ம்' என்று முனகுவது. முனகும்போது காற்று மூக்கின் வழியேதான் போக முடியும்.

இவ்வளவு தெரிந்தும் பயம் போகாதவர்கள் உண்டு. அவர்களுக்குப் படிப்படியான பயிற்சி இருக்கிறது. முதலில் மார்பளவு தண்ணீரில் நின்று, முகமூடியே இல்லாமல், முகத்தை மட்டும் நீரில் வைத்து வாய்க் குழாயால் மூச்சு விட வேண்டும். மனத்துக்குள் மெதுவாக எண்ணிக்கொண்டே இழுக்க வேண்டும். எண்ணிக்கொண்டே விட வேண்டும். வாயால் மட்டும் மூச்சு விடப் பழகினால், தொண்டையின் மேற்புறத்திலுள்ள மெல்லிய தசை மூக்கின் வழியை அடைத்துக்கொள்ளும். மூக்கு நனைந்தாலும் தண்ணீர் உள்ளே வராது. உடம்பு இதை நம்புவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். அவ்வளவுதான்.

அடுத்து முகமூடியில் கொஞ்சம் தண்ணீர். பிறகு பாதி. பிறகு முழுவதும். கண்ணை மூடிக்கொள்ளலாம், தவறில்லை. கடைசியாக, நீருக்கடியிலேயே முகமூடியைக் கழற்றி, மறுபடி அணிந்து, தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இவை எல்லாம் ஆழமில்லாத நீரில், ஆசிரியர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க, நடக்க வேண்டிய பயிற்சிகள். கிணற்றிலோ, குட்டையிலோ, கல்குவாரியிலோ யாரும் தனியே முயலக் கூடாது.

நம் கடலின் வீரர்கள்

தமிழ்க் கடலுக்கு முக்குளிப்பு புதிதல்ல. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்களிடம் முகமூடியும் இல்லை, சிலிண்டரும் இல்லை. கயிற்றில் கட்டிய கல்லின் கனத்தால் அடிக்குப் போய், ஒரே மூச்சில் சிப்பிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கே அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது.

அதன் பின் அதே மன்னார் வளைகுடாவில் விஞ்ஞானிகள் முக்குளித்தார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும், தூத்துக்குடிக் கடலடியில் தாங்கள் கண்ட பாறைகளையும் உயிர்களையும் பற்றி 1967-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். 1956-ல் திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைந்த பகுதிகளை மைக் வில்சன் கண்டார். அவருடைய நண்பர் ஆர்தர் கிளார்க் அதை உலகுக்கு எழுதினார். பூம்புகார்க் கடலிலும் பழைய நகரின் தடயங்களைத் தேடி, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் இறங்கியிருக்கிறார்கள். விஞ்ஞானியானாலும் சரி, எழுத்தாளரானாலும் சரி, முகமூடி அணிந்து இறங்குகிறவர் யாரும் கையளவு தண்ணீர்ப் பாடத்தைத் தாண்டாமல் போக முடியாது.

நெய்வேலி சொல்லும் பாடம்

திருவதிகைப் பக்கத்து மக்களுக்கு இன்னொரு உதாரணமும் தெரியும். அருகிலுள்ள நெய்வேலியில் நிலக்கரி வெட்டும் வேலை 1957-ல் தொடங்கியது. கரிப் படிவத்தின் அடியிலோ, பெரும் அழுத்தத்தோடு மேலே பாயக் காத்திருந்தது நிலத்தடி நீர்! என்ன செய்தார்கள்? ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, பம்புகளை வைத்து, இரவும் பகலும் ஓயாமல் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1961-ல் கரி வெளிப்பட்டது. வேகம் அல்ல, நிதானமும் விடாமுயற்சியுமே அங்கே வென்றன.

முகமூடிக்குள் புகுந்த தண்ணீருக்கும் அதுவே மருந்து. திமிறினால் தண்ணீர் வெல்லும். நிதானமாக மூச்சு விட்டால் மனிதன் வெல்வான்.

தண்ணீருக்குள் பேச முடியாதல்லவா? அங்கே எல்லாம் சைகைதான். கட்டை விரலை உயர்த்திக் காட்டினால், 'சபாஷ்' என்று பொருளல்ல; 'மேலே போவோம்' என்று பொருள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்டினால், 'எல்லாம் நலம்' என்று பொருள். முகமூடியில் தண்ணீர் வடிந்து முடிந்ததும், கற்பவர் கண் திறந்து முதலில் பார்ப்பது ஆசிரியரின் கையிலுள்ள அந்த வட்டத்தைத்தான். அவரும் கையை உயர்த்தி, நடுங்காத விரல்களால், அதே வட்டத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். அன்று கடல் அவருக்குத் திறந்துவிட்டது!