குவியலின் அடியில் கைவிட்டுப் பாருங்கள்!



உடையார்பாளையம் வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை வாங்கும் வியாபாரி, மூட்டையின் மேற்புறத்தை மட்டும் கண்டு விலை பேசுவாரா? அடிவரை கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணுவார். அத்தகைய கவனமுள்ள நாம், கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி, ஹஜ்ஜுக்கெனச் சேர்த்த பணத்தை முகமறியா நிறுவனத்தின் பங்கில் போடத் துணிவது முறையாகுமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தானியக் குவியலொன்றினுள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம்! மழையில் நனைந்ததை மறைத்து வைத்த வணிகரை வன்மையாகக் கண்டித்தார்கள்.

ஆளுக்கு ஆள் சேர்த்து இணையத்தின் வாயிலாக விற்பனை நடத்தும் நிறுவனங்களின் பங்குகளையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். வரும் பணம், பொருளை விரும்பி வாங்கிப் பயன்படுத்துவோர் தருவதா? புதிதாகச் சேருவோர் கட்டுவதா? கணக்கறிக்கையில் இதற்குத் தெளிவான விடை இல்லையெனில், அந்தக் குவியலின் அடியில் ஈரம் உண்டு என்றே கொள்க.

ஒருவர் 6 பேரையும், அவர்கள் ஒவ்வொருவரும் 6 பேரையும் சேர்த்துக்கொண்டே போனால், பத்தாம் அடுக்கில் மட்டும் 6 கோடிக்கு மேற்பட்டோர் வேண்டும். பதினோராம் அடுக்கில் 36 கோடி! 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையே சுமார் 7.21 கோடிதான். சங்கிலி எங்கே அறுந்தாலும், சேர்ந்தோரில் ஆறில் ஐவர் கடைசி அடுக்கிலேயே நிற்பர். அவர்களுக்குக் கீழே எவருமில்லை.

‘ஸ்பீக் ஏசியா’ நிறுவனம், இணையத்தில் வினாத்தாள் நிரப்பினால் வருமானம் என்று கூறி, ஆளுக்கு 11,000 ரூபாய் வாங்கியது. ஆள் சேர்த்தோருக்குத் தனி ஊக்கத்தொகையும் உண்டு. 2011இல் பட்டுவாடா நின்றது. மும்பைக் காவல்துறை வழக்குப் பதிந்தது. நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்ற ‘ஹெர்பலைஃப்’ நிறுவனமும், பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதற்கே வெகுமதி அளித்ததாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2016இல் 20 கோடி டாலர் செலுத்தி உடன்பாடு கண்டது. எனவே, பங்குச் சந்தையில் இடம்பெற்றிருப்பது மட்டுமே நற்சான்று ஆகிவிடாது.

நம் நாட்டிலும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்கின்றது. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் ஆள் சேர்ப்புச் சங்கிலியை விலக்குகின்றன.

சகோதரர்களே! மனமொப்பிய வணிகத்தை அல்லாஹ் ஆகுமாக்கினான். பிறர் பொருளை முறைகேடாக உண்பதை விலக்கினான். விளைவு மறைக்கப்பட்ட பேரமாகிய ‘கரர்’ என்பதையும் மார்க்கம் தடுத்துள்ளது. நஷ்டம் நம்மோடு முடிவதாயினும் ஒருவாறு பொறுக்கலாம். ஆனால், அந்தக் கடைசி அடுக்கில் நிற்பவர் யார்? நம் சொல்லை நம்பி நகையை அடகு வைத்த தங்கையும், பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழும் அண்டை வீட்டாருமே அல்லவா? அவர்களிடம் போன பணத்திற்கு மறுமையில் என்ன பதில் சொல்வோம்?

எல்லாம் வல்ல அல்லாஹ், குறைவாயினும் தூய்மையான ரிஸ்கை நமக்கு அருள்வானாக! ஆமீன்.