மலையேறும் வன்தட்டு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில் சில வளைவுகளுக்கு அப்பால் கைப்பேசியின் அலைத்தொடர்பு அறுபடுவதுண்டு. பிள்ளைகள் பார்த்திருந்த படமும் பாதியில் நின்றுவிடும்.

இக்குறைக்கு மாற்றாக வந்ததே கம்பியில்லா வன்தட்டு. 2011-இல் ஸீகேட் நிறுவனம் வெளியிட்ட கோஃபிளெக்ஸ் சாட்டிலைட் 500 ஜிகாபைட் கொள்ளளவும் சொந்த மின்கலமும் உடையது. தானே வைஃபை அலையை எழுப்பி, ஒரே வேளையில் மூவருக்குப் படம் காட்டவல்லது. இணையம் தேவையில்லை. ஆனால் வேண்டியவற்றை வீட்டிலேயே அதில் ஏற்றிக்கொள்ளல் வேண்டும்.

மலைக்கும் இக்கருவிக்கும் ஓர் உறவுண்டு. உள்ளே சுழலும் தட்டின்மேல் படிக்கும் முனை மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. மிக உயரத்தில் காற்று மெலிந்தால் முனை தட்டில் உரசக்கூடும். ஆகவே இத்தகைய தட்டுகளுக்கு ஏறத்தாழ 3,000 மீட்டரை எல்லையாகக் குறிப்பது வழக்கம். கொடைக்கானலோ ஏறத்தாழ 2,100 மீட்டர்தான். நாம் அஞ்ச வேண்டியது உயரத்திற்கன்று, குலுக்கலுக்கே! ஓடும் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொள்வது நன்று. கம்பளியில் பொதிந்தால் சூடேறும்.

வேறொன்றையும் அன்பர்களுக்குக் கூறுவோம். தூண் பாறையருகே பாட்டியுடன் எடுத்த படங்களை இதற்கு மாற்றியதும், இடம் போதவில்லையென்று கைப்பேசியில் அழித்துவிடுகின்றனர் பலர். அதன்பின் உலகில் இருப்பது ஒரே படி. அதுவும் மலைப்பாதையில் குலுங்கி இறங்க வேண்டிய படி. வீடு சேர்ந்து மற்றொரு படியெடுக்கும்வரை கைப்பேசியில் உள்ளதைத் தொடாதிருங்கள்.