'இந்தியன்' என்னும் அடைமொழி: மலையகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அடைமொழியானது தான் தழுவும் பெயரின் பண்பையோ இடத்தையோ உணர்த்தும் என்பது இலக்கணம். அரச ஏடுகளில் இடம்பெறும்போது அது வேறு வேலைகளையும் செய்கின்றது. 'இந்தியன்' என்னும் ஆங்கிலச் சொல் நமது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றிற் பெற்ற பொருள்களை இங்கு நோக்குவோம்.

1889ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் (இந்தியர்) கட்டளைச் சட்டத்தின் தலைப்பிலேயே இச்சொல் உண்டு. பிறந்த நாட்டைக் காட்டிலும் தொழிலையே அது அங்கு குறித்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோதும் பொருள் இதுவே. ஆயினும் இம்முறை அச்சொல் சிறு பாதுகாப்பொன்றையும் வழங்கிற்று.

இடையில், 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு தமிழரை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எனப் பிரித்து எண்ணியது. தொழிலின் பெயர் இனத்தின் பெயராயிற்று. அட்டன் லயத்திற் பிறந்த குழந்தையும் இந்தியக் குழந்தையே. அசாம் தேயிலை விதைகள் 1839இல் கல்கத்தாவிலிருந்து பேராதனைப் பூங்காவை வந்தடைந்தன. அத்தகைய செடிகளின் கொழுந்து 'சிலோன் தேயிலை' ஆயிற்று. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் அப்பெயராலேயே உலகச் சந்தையில் விலைபோகின்றது. கொழுந்து பறித்தவரோ இந்தியராகவே இருந்தார். சரக்குக்கு எளிதிற் கிடைத்த சுதேசித் தன்மை உழைப்புக்குக் கிடைக்கவில்லை.

இவ்வடைமொழி வர்க்க வேறுபாட்டை மறைத்தமையும் கவனத்துக்குரியது. கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்குக் கொடுத்தவரும் தலவாக்கலையிற் கடன்பட்டு உழைத்தவரும் ஒரே சொல்லுள் அடங்கினர். 1939இல் அமைந்த இலங்கை இந்தியன் காங்கிரசிலும் வணிகரும் தொழிலாளரும் ஒருங்கிருந்தனர். அதன் தொழிற்சங்கம் 1950இல் 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்' ஆயிற்று. பிரசாவுரிமை பறிபோன காலத்து முன்னெச்சரிக்கை இம்மாற்றத்தில் ஓரளவு இருந்திருக்கலாம். எனினும் அடைமொழியினிடத்தில் வர்க்கத்தின் பெயர் வந்தமர்ந்தது சிறிய மாற்றமன்று.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பெயரில் 'இந்தியன்' இல்லை. மூதாதையர் பிறப்புக்குச் சான்று கோரியே அது தோட்ட மக்களை வெளியே நிறுத்தியது. தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இற் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் எழுதிய கவிஞர். அவருக்கு வாக்களித்தோருட் பெரும்பாலோர் 1952இல் வாக்காளராக இல்லை. இடையே 1949இல், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் தலைப்பில் அச்சொல் மீண்டும் தோன்றியது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 'இந்திய வம்சாவளியினர்' என்றது. மதிப்பிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றவர் என்று கூறப்பட்டோரை இரு நாடுகள் பங்கிட்டுக்கொண்ட கணக்கு இது. நீலகிரித் தோட்டங்களிற் குடியேறியோரை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். இரு கரையிலும் அடைமொழி மறுகரையையே சுட்டியது.

அறுபதுகளில் எழுத்தாளரிடையே வலுப்பெற்ற 'மலையகம்' என்னும் சொல்லின் அரசியற் பெறுமதியை இப்பின்னணியிலேயே உணரவேண்டும். மூதாதையர் ஊரையன்றி வாழும் நிலத்தை அது சுட்டுகின்றது. ஆயினும் 2003இல் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளித்த சட்டத்தின் பெயரிலும் 'இந்திய வம்சாவளியினர்' என்ற தொடரே இருந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு 8,39,504 பேரை 'இந்தியத் தமிழர்' எனப் பதிந்தது. நுவரெலியா மாவட்டத்தில் அவர்கள் பாதிக்கும் மேற்பட்டோர்.