உங்களுக்குத் தெரியுமா? சிறுநீரகம் பழுதானால் இதயத்தையும் கவனிக்க வேண்டும்

நாள்பட்ட சிறுநீரக நோய் என்றதும் எல்லோரும் அஞ்சுவது டயாலிசிஸுக்குத்தான். ஆனால், இந்நோயாளிகளில் பலருக்கு அந்த நிலையை எட்டுவதைவிட இதயநோயால் உயிரிழக்கும் வாய்ப்பே அதிகம்.

சிறுநீரகம் தளரும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது. வெளியேறாத பாஸ்பரஸால் ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து குழாய்கள் இறுகுகின்றன. இறுகிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் இடது கீழறை தடித்துவிடுகிறது.

இதயப் பாதிப்பைக் குறைக்க வழி உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் வழிநடத்திய 'ஷார்ப்' ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் பங்கேற்றனர். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்துகளான சிம்வாஸ்டாட்டின் (ஸ்டாட்டின் வகை) 20 மி.கி., எஸெட்டிமைப் 10 மி.கி. ஆகியவற்றைத் தினமும் எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, அடைப்பால் வரும் பக்கவாதம் முதலிய பாதிப்புகள் சுமார் 17% குறைந்ததாக 2011-இல் முடிவு வெளியானது. காலம் தாழ்த்தக் கூடாது என்பதே இதில் முக்கியம்: டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஸ்டாட்டினைப் புதிதாகத் தொடங்கிப் பார்த்த ஜெர்மனியின் '4டி' ஆய்வில் தெளிவான பலன் தெரியவில்லை.

உப்பைக் குறைப்பதும் அவசியம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பையும் கணக்கில் சேருங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்கு அது இதயத்துடிப்பையே குலைக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.