கலிஃபோர்னியாவின் கஞ்சாத் தோட்டங்களும் அக்டோபர் மழையும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தின் வடமேற்கில், பசிபிக் கரையிலிருந்து உள்நாட்டு மலைகள் வரை பரந்து கிடக்கும் ஹம்போல்ட், மெண்டொசினோ, டிரினிட்டி ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்து 'மரகத முக்கோணம்' என்ற பெயரால் அறியப்படுகின்றன. 1960களின் இறுதியிலும் 1970களிலும் நகர வாழ்க்கையைத் துறந்து இம்மலைகளில் குடியேறியவர்கள் தொடங்கிவைத்த கஞ்சா சாகுபடி, பல பத்தாண்டுகள் சட்டத்துக்குப் புறம்பாகவே நடந்துவந்தது. 2016 நவம்பரில் மாநில வாக்காளர்கள் 64ஆவது முன்மொழிவை ஏற்றுக்கொண்டதையடுத்து, 2018 ஜனவரி முதல் அது உரிமம் பெற்ற வணிகப் பயிராயிற்று. சட்டத்தின் அச்சம் விலகிய பிறகும் வானத்தைப் பற்றிய அச்சம் அங்கு விலகவில்லை. இச்செடி எப்போது பூக்க வேண்டும் என்பதைச் சூரியனின் நாட்காட்டி ஆண்டுதோறும் மாறாமல் வகுத்துவைத்திருக்க, மழை, மூடுபனி, காட்டுத்தீ ஆகியவை அந்த நாட்காட்டிக்குக் கட்டுப்படாமல் வந்துபோவதே அதற்குக் காரணம். திறந்தவெளிக் கஞ்சா சாகுபடியின் இலாப நட்டம் பெரும்பாலும் செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் இறுதி வரையிலான ஆறு வாரங்களில் முடிவாகிவிடுகிறது.

இரவை அளக்கும் செடி

கஞ்சாச் செடி ஓராண்டுத் தாவரம். ஆண், பெண் என இருவேறு செடிகளாக வளர்வது. காற்றின் வழி மகரந்தச்சேர்க்கை நிகழ்வது. பகல், இரவு ஆகியவற்றின் நீளத்துக்கு ஏற்பத் தாவரங்கள் பூக்கும் இயல்பு ஒளிக்காலத்துவம் எனப்படுகிறது. இரவு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி நீளும்போது மட்டுமே பூப்பவை குறும்பகல் தாவரங்கள் என வகைப்படுத்தப்படுகின்றன. கஞ்சா அவ்வகையைச் சேர்ந்தது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூலியன் தூர்னுவா 1912ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இச்செடியையும் பீர் தயாரிப்பில் பயன்படும் ஹாப் கொடியையும் வைத்து நடத்திய சோதனைகளில், பகல் வெளிச்சத்தைக் குறைத்தால் அவை முன்கூட்டியே பூப்பதைக் கண்டறிந்தார். 1920இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்ட் ஆகிய இருவரும் இவ்வியல்பைப் பல பயிர்களுக்கும் பொதுவான விதியாக நிறுவினர். இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்னும் ஒளியுணர் நிறமியே இடையூறற்ற இருளின் நீளத்தை அறியச் செடிக்கு உதவுகிறது.

ஹம்போல்ட் மாவட்டம் ஏறத்தாழ 40 முதல் 41 பாகை வட அட்சரேகையில் அமைந்திருப்பதால், அங்கு ஜூன் மாத நெடும்பகல் 15 மணி நேரத்தைத் தொட்டு, ஆகஸ்ட் நடுவில் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கி, செப்டம்பர் 22ஐ ஒட்டி இரவும் பகலும் சமமாகின்றன. ஆண்டு முழுவதும் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாத சென்னையோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாட்டின் அளவு விளங்கும். வசந்தத்தின் கடைசி உறைபனி நீங்கிய பின் மே, ஜூன் மாதங்களில் நடப்படும் நாற்றுகள், நெடும்பகல் நீடிக்கும் வரை இலையும் கிளையுமாகப் பெருத்து வளர்கின்றன. ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் பூக்கத் தொடங்குகின்றன. பூங்கொத்துகள் முதிர இரகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து வாரங்கள் பிடிக்கின்றன. ஆகவே அறுவடை செப்டம்பர் இறுதிக்கும் அக்டோபருக்கும் தள்ளிப்போகிறது. நில நடுக்கோட்டை ஒட்டிய நாடுகளின் இரகங்கள் இன்னும் நீண்ட பூப்புக்காலம் கொண்டவையாதலால், அவற்றை இந்த அட்சரேகையில் பயிரிட்டால் முதிர்வதற்குள் குளிர்காலம் வந்துவிடும்.

மழையில்லாக் கோடையின் தண்ணீர்க் கணக்கு

வட கலிஃபோர்னியாவில் நிலவுவது மத்தியதரைக் கடல் வகைக் காலநிலை. அதாவது குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் என்பது அங்கு இயல்பான ஒழுங்கு. பருத்தியும் சோளமும் பயிராகும் பல நாடுகளில் பயிரின் வளர்ச்சிக்காலமும் மழைக்காலமும் ஒன்றையொன்று தழுவி நிற்க, இங்கோ செடி மிகுதியாக நீர் கேட்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் மழை ஏறக்குறைய இல்லை. ஓடைகளின் நீர்மட்டமும் அப்போதுதான் ஆண்டின் கீழெல்லையை எட்டுகிறது.

இந்த முரணின் விளைவை மாநில மீன்வள, வனவிலங்குத் துறையின் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. ஒரு செடிக்கு நாளொன்றுக்குச் சுமார் 22.7 லிட்டர் நீர் தேவை என்ற மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு நான்கு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் மூன்றில், வறண்ட நாட்களின் கஞ்சாத் தோட்டத் தேவை ஓடையில் ஓடும் மொத்த நீரையும் மிஞ்சக்கூடியதாக இருந்தது. அழியும் நிலையில் பாதுகாக்கப்படும் கோஹோ சால்மன் மீனின் குஞ்சுகள் கோடையைக் கழிப்பது இவ்வோடைகளின் குளிர்ந்த மடுக்களில்தான் என்பதால், இது உழவரின் சிக்கலாக மட்டும் நின்றுவிடவில்லை. மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம் 2017இல் வகுத்த கொள்கை, ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை கஞ்சாத் தோட்டங்கள் ஓடைகளிலிருந்து நீர் எடுப்பதைத் தடை செய்தது. குளிர்கால மழையைக் குளங்களிலும் தொட்டிகளிலும் சேமித்துக் கோடையில் பாய்ச்சுவதே இதன்பின் முறையான வழியாயிற்று. கிணற்றுநீரை நம்புவோரும் பலர் உள்ளனர். நிலத்தடி நீரே கோடையில் ஓடைகளைக் கசிந்து ஊட்டுவதால், ஆழமில்லாக் கிணறுகள் ஓடையின் நீரையே வேறொரு வாயால் உறிஞ்சக்கூடும் என்பதை நீரியலாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

பூங்கொத்தின் உள்ளே தொடங்கும் அழுகல்

தண்ணீர் இல்லாத இடர் கோடையோடு முடிய, தண்ணீர் மிகும் இடர் பூப்புக்காலத்தில் தொடங்குகிறது. கரையோரத்தில் பசிபிக்கின் குளிர்ந்த நீரோட்டத்தின் மேல் உருவாகும் கடல்மூடுபனி கோடை முழுவதும் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்து நிற்பதால், கரையோர நகரமான யுரேகாவில் கோடைப் பகலிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸை எட்டுவது அரிது. சில மைல் உள்ளே சென்றால் அதே நாளில் 30 பாகைக்கு மேல் வெயில் கொளுத்தும். நிழலும் ஈரமும் மிகுந்த கரையோரத்தில் இலைமேல் வெண்பொடி தூவினாற்போல் படரும் சாம்பல் நோயும், எங்கும் பொதுவான சாம்பல் பூஞ்சணமும் இப்பயிரின் முதன்மை நோய்கள்.

இவற்றுள் சாம்பல் பூஞ்சணமே கொடியது. திராட்சை, ஸ்ட்ராபெரி போன்ற பயிர்களையும் தாக்கும் போட்ரைடிஸ் சினெரியா என்னும் இப்பூஞ்சை, 20 பாகையை ஒட்டிய மிதமான வெப்பமும் உயர்ந்த ஈரப்பதமும் நீடித்தால் விரைந்து பெருகுகிறது. முதிர்ந்த பூங்கொத்து மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட சிறு பூக்களாலும் குற்றிலைகளாலும் ஆனது. மழைநீரோ பனித்துளியோ ஒருமுறை உள்ளே இறங்கினால், வெளிப்புறம் காய்ந்த பின்னும் நடுத்தண்டைச் சுற்றி ஈரம் தங்கிவிடும். முதல் அடையாளமாக வெளியே தெரிவது வெளிறி வாடிய ஒற்றைச் சிற்றிலை மட்டுமே. அதை மெல்ல இழுத்தால் தடையின்றிக் கையோடு வந்துவிடும். கொத்தைப் பிளந்தால் உள்ளே பழுப்பேறிய தண்டும் அதன்மேல் சாம்பல்நிற மென்தூளும் காணப்படும். பூக்களைத் துளைக்கும் புழுக்கள் விட்டுச்செல்லும் எச்சமும் புண்ணும் இந்த அழுகலுக்கு வாயில் திறந்துவிடுகின்றன.

ஆகவே அக்டோபர் முதல் மழை பற்றிய முன்னறிவிப்பு வந்தவுடன் உழவர் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: முழு முதிர்ச்சிக்கு முன்பே வெட்டினால் எடையும் தரமும் குறையும், காத்திருந்தால் விளைச்சலில் ஒரு பகுதி அழுகலுக்குப் போகும். வெட்டிய பின்னும் இடர் தீர்வதில்லை. ஈரமான இலையுதிர்காலக் காற்றில் உலர்த்தல் தாமதமாகி, களஞ்சியத்திலேயே பூஞ்சணம் பிடிக்கக்கூடும். புகைப்பதற்கென விற்கப்படும் கஞ்சாவில் நுரையீரலுக்குக் கேடு செய்யும் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் நான்கு இனங்கள் இல்லை என்பதற்கான ஆய்வகச் சான்றின்றி அதை விற்க மாநில விதிகள் இடமளிப்பதில்லை.

தீயும் புகையும்

மழை தாமதித்தால் அழுகல் இடர் குறையும். காட்டுத்தீ இடரோ பெருகும். கோடை முழுவதும் காய்ந்த காடு, முதல் மழைக்கு முந்தைய வாரங்களில்தான் மிக எளிதில் பற்றிக்கொள்கிறது. உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட இலையுதிர்காலக் காற்று அதை விசிறிவிடுகிறது. 2017 அக்டோபர் 8 இரவில் மெண்டொசினோவின் ரெட்வுட் பள்ளத்தாக்கில் மூண்ட தீ, சரியாக அறுவடையின் நடுவே தாக்கியது. 2020 ஆகஸ்ட் நடுவில் மழையின்றி விழுந்த மின்னல்கள் மூட்டிய தீக்கள் ஒன்றிணைந்து 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த 'ஆகஸ்ட் காம்ப்ளக்ஸ்' பெருந்தீ, மரகத முக்கோணத்தின் மூன்று மாவட்டங்களையும் தொட்டது.

தீ எட்டாத தோட்டங்களையும் புகை எட்டுகிறது. அடர்ந்த புகை வெயிலை மறைத்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. பெண்பூக்களின் மேல் நெருங்கி நிற்கும் நுண்ணிய சுரப்பிமயிர்கள் பிசின் நிறைந்து ஒட்டும் தன்மை கொண்டவையாதலால், காற்றில் மிதந்துவரும் சாம்பல் அவற்றில் படிந்துவிடுகிறது. பழத்தைக் கழுவுவதுபோல் இப்பூக்களைக் கழுவி மீட்டுவிட முடியாது. கூட்டரசுச் சட்டத்தில் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருளாகவே நீடித்ததால், மற்றப் பயிர்களுக்குக் கிடைக்கும் கூட்டரசுப் பயிர்க்காப்பீடு இவ்விரு ஆண்டுகளிலும் இவ்வுழவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பட்டத்தை முன்னே இழுத்தல்

வானிலையை மாற்ற இயலாதபோது, பயிரின் பட்டத்தை நகர்த்துவதே எஞ்சும் வழி. அவ்வழிகளுள் ஒன்று, வளைவுக்கூரை அமைத்து நாள்தோறும் மாலையில் ஒளிபுகாத் தார்ப்பாயால் செடிகளை மூடி, 12 மணி நேர இருளைச் செயற்கையாக உண்டாக்குவது. இலையுதிர்காலம் வந்துவிட்டதென ஏமாறும் செடி கோடையின் தொடக்கத்திலேயே பூத்து, ஜூலை, ஆகஸ்டில் அறுவடைக்கு வந்துவிடுவதால், புகைக்கும் மழைக்கும் முந்திக்கொள்ள முடிகிறது. எனினும் நாள்தவறாத கூலியும் நெகிழிக் கழிவும் இதன் விலை. தார்ப்பாய்க்குள் தேங்கும் ஈரப்பதம் அதே பூஞ்சணத்தை வேறு வழியில் அழைத்துவருவதும் உண்டு.

இரண்டாவது வழி இரகத் தேர்வு. உருசியத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி 1924இல் 'ருடராலிஸ்' எனப் பெயரிட்டு விவரித்த குட்டையான காட்டுக் கஞ்சா, வடபுலத்தின் குறுங்கோடைக்குப் பழகி, இரவின் நீளத்தைப் பாராமல் வயதை மட்டும் கொண்டு பூப்பது. அதன் மரபுக்கூறைக் கலந்து உருவாக்கிய இரகங்கள் விதைத்த மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடுகின்றன. மொராக்கோவின் ரிஃப் மலைகளில் 'பெல்தியா' என்னும் நாட்டு இரகம் மழையை நம்பி விதைக்கப்பட்டுக் கோடையிலேயே அறுவடையாக, விளைச்சலுக்காகப் பின்னாளில் நுழைந்த கலப்பினங்கள் கோடைப் பாசனம் கேட்டு அந்நிலத்தின் நீரை வற்றச் செய்திருப்பது, இரகத்துக்கும் பருவத்துக்கும் இடையிலான பொருத்தம் குலைந்தால் நேர்வதைக் காட்டுகிறது.

வெயிலும் வீரியமும்

கடும் வெயிலும் வறட்சியும் போதைப்பொருளான டிஎச்சியின் அளவைக் கூட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. புறஊதாக் கதிரை மிகுத்தபோது டிஎச்சி கூடியதாக 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு வலுவூட்டியது; ஆனால் இன்றைய இரகங்களைக் கொண்டு கனடாவில் நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வு அத்தகைய பயன் எதையும் காணவில்லை. அதே ஆண்டு வெளிவந்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வும், வெள்ளம், காயம் போன்ற இடர்களுக்கு உட்படுத்தியும் வேதிச் சேர்மங்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை என்றும், அதை மரபணுவே தீர்மானிக்கிறது என்றும் காட்டியது.

முதிர்ச்சி கூடக்கூட டிஎச்சியின் மொத்த அளவு ஏறுவது மட்டும் உறுதி. ஆதலால் வானிலை இதில் தலையிடுவது அறுவடை நாளின் வழியாகவே. 2018ஆம் ஆண்டின் அமெரிக்க வேளாண் சட்டம், உலர் எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் டிஎச்சி இல்லாத செடியை மட்டுமே தொழிற்பயிராக ஏற்கிறது. டிஎச்சி சோதனைக்காக அரசு மாதிரி எடுத்த 15 நாட்களுக்குள் அறுவடை முடிய வேண்டும் என்ற முதல் விதி, 2021இல் 30 நாட்களாகத் தளர்த்தப்பட்டது. தொடர்மழையில் வயலுக்குள் இறங்க இயலாத உழவருக்கு இந்த இரு வாரங்களின் மதிப்பு பெரிது.

மாறும் பருவம்

1960களோடு ஒப்பிடும்போது கலிஃபோர்னியாவின் மழைக்காலம் 27 நாட்கள் தாமதமாகத் தொடங்குவதாக 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. பூக்கும் நாளை இரவின் நீளம் நிர்ணயிப்பதால் செடி இந்த மாற்றத்துக்கேற்பத் தன் காலத்தை நகர்த்திக்கொள்ளாது. வறண்ட அறுவடை என்ற நன்மையும், நீண்ட தீக்காலம், பிந்தி நிறையும் குளங்கள் என்ற தீமைகளும் ஒன்றாகவே வந்து சேரும்.

இத்தனை இடர்களிலிருந்தும் தப்ப எளிய வழி, செடியை மின்விளக்கின் கீழ் அறைக்குள் வளர்ப்பதாகத் தோன்றலாம். அமெரிக்காவில் அவ்வாறு விளையும் ஒரு கிலோ உலர் பூவுக்கு, இடத்தைப் பொறுத்து, 2,283 முதல் 5,184 கிலோ வரையிலான கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு நேர்கிறது என 2021இல் வெளியான மற்றோர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. வானிலையின் இடரை உள்ளறைச் சாகுபடி ஒழிப்பதில்லை. அதை மின்கட்டணமாகவும் புவி வெப்பமாகவும் மாற்றிப் பிறர் தலையில் வைக்கிறது. குளிர்கால மழையைச் சேமித்து, இடத்துக்கேற்ற இரகத்தைத் தேர்ந்து, முதல் மழைக்கு முன் வெட்டி முடிக்கும் திறந்தவெளி உழவருக்குக் காப்பீடும் நீர்த்தேக்க உதவியும் கிடைக்கச் செய்வதே அதைவிடச் செலவு குறைந்த கொள்கையாகும்.