கார் வாங்கப் போறீங்களா? முதலில் பின்சீட்டில் உட்காருங்க!

உயரத்தை பார்த்து மயங்காதீங்க. 'ஸ்டார்' எத்தனை என்று கேளுங்க

குறிஞ்சிப்பாடி-

குறிஞ்சிப்பாடி பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு தெரு. காலை 7 மணி.

புது காருக்கு மாலை போட்டாச்சு. சந்தனம், குங்குமம் வைத்தாச்சு. 4 சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாச்சு.

"டப்... டப்!"

பழம் நசுங்கியது. கார் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

நெய்வேலி சுரங்கத்தில் 30 வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர் வாங்கிய கார் அது. பி.எப். பணம் பாதி. மகன் பெயரில் பாங்கி கடன் பாதி. 'எஸ்.யு.வி.' என்கிறார்களே, ஜீப் மாதிரி உயரமாக நிற்கும் கார், அந்த வகை. நடுத்தர சைஸ்.

முதல் பயணம் வடலூர் சத்திய ஞான சபைக்கு. குடும்பமே புறப்பட்டது.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம்!

ஆயாவுக்கு 80 வயதுக்கு மேல். முழங்கால் வலி. காலை தூக்கி வைத்து பார்த்தார். ஏற முடியவில்லை.

"ஏம்ப்பா, இவ்ளோ காசு குடுத்தியே... ஒரு படி வெச்சு குடுக்க மாட்டானா?" என்று மகனை கேட்டார் ஆயா.

பேரன் கைத்தாங்கலாக தூக்கி உட்கார வைத்தான்.

அடுத்த சிக்கல். ஆள் 7 பேர். சீட் 5.

பின்சீட்டில் ஆயா, அம்மா, மருமகள், 6 வயது பெண் குழந்தை. முன்சீட்டில் பெரியவர். அவர் மடியில் 2 வயது பேரக்குழந்தை. ஓட்டுவது மகன்.

பக்கத்தில் நின்ற ஆட்டோ டிரைவர் சிரித்தார். "இதையே நாங்க பண்ணா மடக்கி பைன் போட்டுடுவாங்க சார்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரிக்கிற விஷயமா இது? முன்சீட்டில், மடியில், அந்த 2 வயது குழந்தை. காரில் ஒருவர் கூட பெல்ட் போடவில்லை.

கடையில் கலர் பார்த்தார்கள். சன் ரூப் பார்த்தார்கள். உயரம் பார்த்தார்கள். உட்காரப் போகிறவர்களை மட்டும் ஒரு தடவை உட்கார வைத்து பார்க்கவில்லை!

உயர மோகம் ஏன்?

நெய்வேலிக்காரர்களுக்கு இந்த ஆசை புதிது அல்ல. ஜீப் வருகிறது என்றால் அதிகாரி வருகிறார் என்று அர்த்தம். சைக்கிளில் ஷிப்டுக்கு போனவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். அந்த உயரத்தில் உட்கார வேண்டும் என்ற ஏக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது.

1985-ல் மாருதி ஜிப்சி வந்தது. 1994-ல் டாடா சுமோ. 2002-ல் மகிந்திரா ஸ்கார்ப்பியோ. இதெல்லாம் முரட்டு வண்டிகள்.

கார் மாதிரி சொகுசு, ஜீப் மாதிரி உயரம் என்ற நடுத்தர வண்டி 2012-ல்தான் சூடு பிடித்தது. அந்த வருஷம் ரெனால்ட் டஸ்டர் வந்தது. நம்ம ஒரகடத்தில் தயாரானது. 2015 ஜூலையில் ஹூண்டாய் கிரெட்டா வந்தது. அது இருங்காட்டுக்கோட்டை தயாரிப்பு. பிறகு 2019-ல் கியா செல்டோஸ், 2022-ல் மாருதி கிராண்ட் விட்டாரா, 2023-ல் ஹோண்டா எலிவேட் என்று வரிசையாக வந்து குவிந்தன.

எல்லாமே ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். எல்லாமே 5 சீட். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

ஆனால் மோதும்போது எல்லாம் ஒரே மாதிரி நிற்குமா? நிற்காது!

'ஸ்டார்' சொல்லும் ரகசியம்

2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு, இந்தியாவில் விற்ற 5 சின்ன கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு சோதனை செய்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்தது ஜீரோ ஸ்டார்!

நாடே அதிர்ந்தது. அதன் பிறகுதான் கம்பெனிகள் விழித்தன.

நடுத்தர எஸ்.யு.வி.க்களுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் வெளியான சோதனை முடிவில் கிரெட்டாவுக்கு 3 ஸ்டார். அதே வருஷம் அக்டோபரில் ஸ்கோடா குஷாக், போக்ஸ்வாகன் டைகூன் இரண்டுக்கும் 5 ஸ்டார். ஒரே ரகம், கிட்டத்தட்ட ஒரே விலை. ஸ்டார் மட்டும் வேறு வேறு.

ஒன்றை மறக்கக்கூடாது. சோதனை செய்த கிரெட்டாவில் 2 ஏர்பேக்தான் இருந்தது. 2024-ல் வந்த புது கிரெட்டாவில் எல்லா மாடலிலும் 6 ஏர்பேக். ஆகவே பழைய மார்க்கை வைத்து புது வண்டியை எடை போடக்கூடாது. நீங்கள் வாங்கும் மாடலுக்கு, வாங்கும் வருஷத்துக்கு என்ன மார்க் என்று கேட்க வேண்டும்.

இப்போது நம் நாட்டிலேயே சோதனை வந்து விட்டது. 'பாரத் என்கேப்' என்று பெயர். 2023 அக்டோபர் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. முதலில் 5 ஸ்டார் வாங்கியவை டாடா ஹாரியர், சபாரி.

இதில் பெரியவர்களுக்கு தனி ஸ்டார், குழந்தைகளுக்கு தனி ஸ்டார். சோதனைக்கு வண்டியை அனுப்புவது கம்பெனியின் விருப்பம், கட்டாயம் இல்லை. ஆகவே "இன்னும் டெஸ்ட் பண்ணல சார்" என்று ஷோரூமில் பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சீட்டில் வருது எமன்!

ஸ்டார் 5 இருந்தால் போதுமா? போதாது.

2022 செப்டம்பர் 4-ந்தேதி. மராட்டிய மாநிலம் பால்கர் அருகே ஒரு கார் பாலத்து சுவரில் மோதியது. விலை உயர்ந்த வெளிநாட்டு கம்பெனி எஸ்.யு.வி. உள்ளே 4 பேர். முன்சீட்டில் இருந்த 2 பேர் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த 2 பேரும் இறந்தார்கள். அதில் ஒருவர் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி.

பின்சீட்டில் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீசார் தெரிவித்தனர்.

கோடீசுவரர் வண்டிக்கே இந்த கதி. நம்ம கதி?

ஒரு கணக்கு பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் போய் சுவரில் மோதுவது என்பது, சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருந்து கீழே விழுவதற்கு சமம். அதாவது 3 மாடி வீட்டு மொட்டை மாடி! அங்கிருந்து விழும் குழந்தையை தாத்தா மடி தாங்குமா?

அதுமட்டும் அல்ல. முன்னால் இருக்கும் ஏர்பேக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். பெல்ட் போட்ட பெரியவருக்கு அது மெத்தை. மடியில் இருக்கும் குழந்தைக்கு அது சம்மட்டி.

ஆகவே குழந்தைக்கு பின்சீட்டில் தனி குழந்தை சீட் வேண்டும். அதை மாட்ட 'ஐசோபிக்ஸ்' என்ற கொக்கி காரில் இருக்கிறதா என்று கைவிட்டு தடவி பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ, குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டம் சொல்கிறது.

உயரம் இன்னொரு வேலையும் செய்யும். உயரமான வண்டியை சட்டென்று ஒடித்தால், தாழ்வான காரை விட எளிதாக ஆட்டம் காணும். நம்ம பக்கம் ராத்திரியில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் நிற்கும். மாடு குறுக்கே வரும். ஒடிக்காமல் முடியாது. அந்த நேரத்தில் வண்டியை நிதானத்துக்கு கொண்டுவரும் கருவிக்கு 'ஈ.எஸ்.சி.' என்று பெயர். சன் ரூப் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இதை கேளுங்கள்.

வெள்ளத்தில் உயர வண்டி நீந்துமா?

"மழைக்காலத்துல உயரமான வண்டிதான் சார் சரி" என்று சொல்பவர்கள் நம்ம ஊரில் அதிகம். 2015 நவம்பர் வெள்ளத்தை பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பாதி உண்மை. பள்ளம் மேட்டில் அடி தட்டாது. வேகத்தடையில் உரசாது.

ஆனால் இந்த வண்டிகளின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 19 முதல் 22 சென்டி மீட்டர்தான். ஒரு சாண் உயரம்! முழங்கால் தண்ணீரில் இறங்கினால் எந்த எஸ்.யு.வி.யும் ஆபத்துதான்.

என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து நின்று விட்டால் மறுபடி சாவியை திருகாதீங்க! பட்டனை அமுக்காதீங்க! அமுக்கினால் என்ஜின் உடைந்து விடும். சாதாரண இன்சூரன்சில் அந்த நஷ்டத்துக்கு பொதுவாக பணம் வராது. 'என்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக சேர்க்க வேண்டும். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது அவசியம்.

பர்சை கடிக்கும் கோடுகள்

விலையில் 2 கோடு இருக்கிறது. தெரியாமல் தாண்டினால் பணம் போகும்.

முதல் கோடு 4 மீட்டர். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் என்ஜின் இருந்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நீளமோ, என்ஜினோ இதை தாண்டினால் 40 சதவீதம். நடுத்தர எஸ்.யு.வி. எல்லாம் 40-ல்தான் வரும்.

இரண்டாவது கோடு 10 லட்சம். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் உயர்த்திய ஆயுள் வரிப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். அதற்கு மேல் 20 சதவீதம்.

9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி 1 லட்சத்து 28 ஆயிரத்து 700. விலை 20 ஆயிரம் கூடி 10 லட்சத்து 10 ஆயிரம் ஆனால் வரி 1 லட்சத்து 81 ஆயிரத்து 800. வித்தியாசம் 53 ஆயிரத்துக்கும் மேல்! 12 லட்சம் ரூபாய் வண்டி என்றால் வரி மட்டும் 2 லட்சத்து 16 ஆயிரம்.

கடன் தவணையிலும் கவனம் வேண்டும். 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்று வைப்போம். 5 வருஷ தவணை என்றால் மாதம் 20 ஆயிரத்து 758 ரூபாய். 7 வருஷம் என்றால் 16 ஆயிரத்து 89. "கம்மியா இருக்கே" என்று சந்தோஷப்படாதீங்க. மொத்தத்தில் 1 லட்சத்து 6 ஆயிரம் ரூபாய் கூடுதலாக அழ வேண்டும்.

பெட்ரோலா, டீசலா?

டீசல் வண்டி ஒன்றரை லட்சம் அதிக விலை என்று வைப்போம். பெட்ரோல் 100 ரூபாய், 14 கி.மீ. ஓடும். டீசல் 92 ரூபாய், 18 கி.மீ. ஓடும். கி.மீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் சொச்சம். ஒன்றரை லட்சத்தை திரும்ப எடுக்க சுமார் 74 ஆயிரம் கி.மீ. ஓட்ட வேண்டும். மாதம் 500 கி.மீ. ஓட்டுபவருக்கு 12 வருஷம் ஆகும்!

இன்னொரு தொல்லை. 2020 ஏப்ரலுக்கு பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியை பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்த கரி எரியும். டவுன்ஷிப்புக்குள் பால் வாங்க, பள்ளிக்கூடம் விட என்று 3 கி.மீ. மட்டுமே ஓடினால் அடைத்துக்கொள்ளும். சென்னைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி பறப்பவருக்கு டீசல். மற்றவர்களுக்கு பெட்ரோல் போதும்.

கேட்க வேண்டிய 6 கேள்விகள்

ஷோரூமுக்கு போகும் முன் இதை வெட்டி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்:-

1. இந்த மாடலுக்கு ஸ்டார் எத்தனை? குழந்தைக்கு எத்தனை?

2. பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்கும் தோளில் குறுக்கே வரும் பெல்ட் உண்டா? ஏர்பேக் எத்தனை? ஈ.எஸ்.சி. குறைந்த விலை மாடலிலும் உண்டா?

3. வீட்டில் வயதானவர் ஏறி இறங்க முடிகிறதா? டெஸ்ட் டிரைவுக்கு அவரையும் அழைத்துப்போங்க.

4. பின்சீட்டில் 3 பேர் உட்கார்ந்தால் தோள் இடிக்கிறதா? டிக்கியில் ஊருக்கு போகும் பெட்டி எல்லாம் அடங்குமா?

5. எல்லா செலவும் சேர்த்து ரோட்டுக்கு வர எவ்வளவு? இன்சூரன்சை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

6. வீட்டில் தினம் ஏறுபவர் எத்தனை பேர்? 6, 7 பேர் என்றால் 5 சீட் எஸ்.யு.வி. ஆசையை விடுங்க. எர்டிகா மாதிரி 7 சீட் வண்டி பாருங்க. தைப்பூசத்துக்கு உறவுக்காரர் கூட்டம் வருகிறது என்றால் அன்றைக்கு மட்டும் வாடகை வேன் பிடியுங்க.

2 நடை!

சரி, குறிஞ்சிப்பாடி குடும்பம் என்ன ஆனது?

ஆட்டோ டிரைவர் சிரித்ததோடு விடவில்லை. பெரியவரின் காதில் ஏதோ சொன்னார். பெரியவர் மடியில் இருந்த குழந்தையை ஒரு தடவை பார்த்தார். இறங்கி விட்டார்.

"நீங்க மொதல்ல போங்க. நான் கொழந்தைங்கள வெச்சிகினு இருக்கேன். திரும்பி வந்து கூப்டுக்க" என்றார் மகனிடம்.

பின்சீட்டில் பெல்ட் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. புது வண்டி, பெல்ட் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. மருமகள் தேடி எடுத்தார். ஆயாவுக்கு மாட்டி விட்டார்.

"இது எதுக்குடி, மாட்டை கட்ற மாதிரி?" என்றார் ஆயா.

"வுழாம இருக்க, ஆயா."

வண்டி புறப்பட்டது. வடலூருக்கு 2 நடை ஆனது. அரை மணி நேரம் தாமதம். அவ்வளவுதான்.