கிரகணமும் கஞ்சியும்

கிரகணம் பிடித்தால் கர்ப்பிணிகளை வாசற்படி தாண்ட விடமாட்டார் என் அம்மம்மா. வெளியே போனால் பிள்ளை உதடு பிளந்து பிறக்குமாம். குறையோடு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் ஊர் தாயைத்தான் விசாரிக்கும்: "எங்கே போனாய்? என்ன தின்றாய்?" இரண்டாவது கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டார்கள். அவர்கள் விசாரித்தது விலங்குகளை.

1933 இல் அமெரிக்காவின் ரெக்சாஸில் பிரெட் ஹேல் என்பவர் ஒரு பன்றிக்கு விற்றமின் ஏ இல்லாத தீனி கொடுத்தார். பிறந்த 11 குட்டிகளில் ஒன்றுக்கும் கண்விழி இல்லை. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தீனியின் குறை மட்டுமே.

1951 அளவில் கனடாவின் மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளார்க் பிரேசர், சினைச் சுண்டெலிகளுக்குக் கோட்டிசோன் மருந்தை ஏற்றினார். குட்டிகள் அண்ணம் பிளந்து பிறந்தன. கருவில் அண்ணத்தின் இரு பாதிகளும் குறித்த நேரத்தில் மேலெழுந்து ஒட்டவேண்டும். மருந்து அதைத் தாமதப்படுத்துகிறது. நேரம் தப்பினால் பிளவு. ஆனால் ஒரு வம்சத்தில் ஏறத்தாழ எல்லாக் குட்டிகளுக்கும் நேர்ந்தது, வேறொரு வம்சத்தில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் நேர்ந்தது. வம்சத்தோடு விடயம் முடியவில்லை. தீனியின் வகையை மாற்றினாலே, அதே மருந்தின் அதே அளவுக்குப் பிளவின் வீதம் மாறியது. நியாசின் என்ற பி விற்றமினின் வேடம் போட்டு உடலை ஏமாற்றும் ஓர் இரசாயனத்தையும் அங்கே சோதித்தார்கள். உண்மையான விற்றமினையும் கூடவே கொடுத்தபோது வேடதாரியின் கைவரிசை பலிக்கவில்லை.

எல்லா மருந்துக்கும் இப்படி மாற்று வாய்ப்பதில்லை. வலிப்புக்குத் தரும் வல்புறோயேற்று, சுண்டெலிக் குட்டிகளின் மண்டையோட்டை மூடவிடாமல் செய்யும். போலிக்கமில வகைச் சத்து சில பரிசோதனைகளில் அதைக் குறைத்தது. வேறு சிலவற்றில் குறைக்கவில்லை.

எலிக்கூட்டில் தீனியை அளந்து வைப்பவர் ஆராய்ச்சியாளர். எலி தெரிவு செய்வதில்லை. இந்த இடத்தில் எனக்கு முள்ளிவாய்க்கால் நினைவு வந்தது. 2009 மே மாதத்தில் அந்தக் கடற்கரைத் துண்டில் கர்ப்பிணிகளும் வரிசையில் நின்று வாங்கியது அரிசி, தண்ணீர், உப்பு சேர்ந்த கஞ்சி. தேங்காய்ப்பால் வாய்த்தால் உண்டு. போலிக்கமிலம் தரும் கீரைக்கும் பருப்புக்கும் எங்கே போவது? தீட்டிய அரிசியில் தவிட்டோடு பி விற்றமின்களும் போய்விடுகின்றன. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ஒல்லாந்தில் கருவான பிள்ளைகளிடையே நரம்பு மண்டலக் குறைகள் கூடியதைப் பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தகைய தாயிடம் போய் "என்ன தின்றாய்" என்று கேட்பது எவ்வளவு கொடுமை!

மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடும். பலருக்குத் தாம் கர்ப்பம் என்றே தெரியாத காலம் அது. முன்பு அக்குறையோடு பிள்ளை பெற்ற தாய்மாரிடம் நடத்திய சோதனையின் முடிவு 1991 இல் வெளியானது: கருத்தரிக்க முன்பே போலிக்கமிலம் எடுத்தவர்களிடம் அக்குறை மீண்டும் வருவது ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. ஆனால் அந்த மாத்திரை வல்புறோயேற்றின் தீங்கை அழித்துவிடும் என்று எவரும் நம்பியிருக்கக்கூடாது. வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவதும் உயிராபத்து. பிள்ளைக்கு ஆசைப்படும்போதே வைத்தியரிடம் சொன்னால், மருந்தை மாற்ற அவருக்குக் கால அவகாசம் கிடைக்கும்.